65 ஜிடிஓ: ஓட்டினா சொர்க்கம், நிறுத்துறதுதான் பாடு

என் வண்டி நேத்துதான் ஷெட்ல இருந்து வந்துச்சு, முன்னாடி பிரேக் ட்ரம் ரெண்டையும் லேத்ல குடுத்து கடைஞ்சு புது ஷூ மாட்டியாச்சு, பில்லைப் பாத்த கடுப்பு இன்னும் போகல. இந்த நேரம் பாத்து ஃப்ரெண்டு ஒருத்தன் போன் பண்ணி "ஒரு 65 ஜிடிஓ விலைக்கு வருதுடா, வாங்கலாமா"ங்கிறான். ஜிடிஓன்னா அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸோட பான்டியாக் பிராண்ட்ல வந்த கார், இது 1965 மாடல்.

389 க்யூபிக் இன்ச் எஞ்சின், மூணு கார்புரேட்டர் வச்ச ட்ரை பவர், 360 குதிரைசக்தி, இதெல்லாம் அவனுக்கே மனப்பாடம். பிரேக்கைப் பத்திதான் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நாலு வீல்லயும் 9.5 இன்ச் ட்ரம், அவ்ளோதான். டெட்ராய்ட்ல வுட்வர்ட் அவென்யூ ரோட்டுல சாயங்கால டிராஃபிக்ல வாங்க, முதல் சிக்னல்ல நல்லா பிடிக்கும், ரெண்டாவதுல பரவால்ல, அதுக்கப்புறம் பெடல் கீழ கீழ போய்ட்டே இருக்கும். சூடு ஏறினா ட்ரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகுது, எவ்ளோ மிதிச்சாலும் காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லாத மாதிரி ஒரு உணர்வு. மழைத்தண்ணி உள்ள போச்சுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். போதாக்குறைக்கு பிரேக் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே சர்க்யூட், எங்க பைப் போனாலும் நாலு வீல்லயும் பிரேக் காலி.

நியாயமா பேசணும்னா அப்போ முக்காவாசி வண்டில ட்ரம்தான். ஆனா மிட்சைஸ் காருக்கு 330 க்யூபிக் இன்ச்சுக்கு மேல எஞ்சின் கூடாதுன்னு ஜெனரல் மோட்டார்ஸே ரூல் போட்டிருந்தப்ப, பான்டியாக் இன்ஜினியர் ஜான் டிலோரியன் டீம் 389-ஐ 64 டெம்பெஸ்ட்ங்கிற மிட்சைஸ் கார்ல ஜிடிஓ ஆப்ஷன்னு சொல்லி நுழைச்சாங்க பாருங்க, அந்தத் துணிச்சல்ல பாதி பிரேக் பக்கமும் வந்திருக்கலாம்.

சரி, அந்த ட்ரை பவர். சும்மா ஓட்டுறப்ப நடு கார்புரேட்டர் மட்டும்தான் வேலை செய்யும், சாதுவான வண்டி. ரெண்டாவது கியர்ல ஆக்ஸிலேட்டரை ஒரு அளவுக்கு மேல அழுத்துனதும் முன்னயும் பின்னயும் இருக்குற ரெண்டும் சேந்து திறக்கும், அப்போ பானெட்டுக்கு அடில இருந்து காத்தை உறிஞ்சுற ஒரு சத்தம் வரும் பாருங்க, சைலன்சர் சத்தத்தையே அமுக்கிடும், சீட்டோட முதுகு ஒட்டிக்கும். இன்னைக்கு சாதா எலெக்ட்ரிக் கார் கூட இதை முந்திடும், தெரியும், ஆனா எதுலயும் எனக்கு அப்படி அடிவயிறு அதிர்ந்தது இல்ல.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, 67-ல முன்னாடி டிஸ்க் பிரேக் ஆப்ஷனா வந்துச்சு, டூயல் சர்க்யூட்டும் வந்துச்சு, அதே வருஷம் ட்ரை பவரைத் தூக்கிட்டாங்க. டிஸ்க்கும் ட்ரை பவரும் ஒண்ணா கம்பெனில இருந்து வரவே இல்ல.

அதனால அவன்கிட்ட சொல்லிட்டேன், 65 வேணாம்டா, நீ தினமும் எடுக்கப்போறேன்னா டிஸ்க் போட்ட 67-ஐப் பாரு, நிம்மதியா இருப்பேன்னு. அவன் விடல, இது ட்ரை பவர் வண்டி, கார்புரேட்டர் மூணும் ஒரிஜினல்னு சொல்றான். அப்படின்னா ட்ரம்மைக் கழட்டி உள்ள பாக்காம அட்வான்ஸ் குடுக்காத, சனிக்கிழமை நானும் வர்றேன்.