டி.பி.4056 சார்ஜிங் போர்டு: பழைய பேட்டரிக்கு வாங்கலாமா?

திரை உடைந்த போன், ஒதுக்கிவைத்த லேப்டாப் பேட்டரி, பழைய நோக்கியா போனின் பி.எல்-5சி பேட்டரி என்று வீட்டில் கிடப்பவற்றில் உயிருள்ள லித்தியம் செல் இருந்தால், அதை விளக்குக்கோ எஃப்.எம். ரேடியோவுக்கோ மறுபடி உழைக்க வைக்கலாம். அதற்கு முதலில் வேண்டியது ஒழுங்கான சார்ஜர். கட்டைவிரல் அளவே உள்ள டி.பி.4056 போர்டு அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. செல்லுக்கான பி+, பி– முனைகளோடு அவுட்+, அவுட்– என்றும் இரண்டு முனை இருப்பதையே வாங்குங்கள். அதில் டி.டபிள்யூ.01 பாதுகாப்புச் சிப் இருக்கிறது. செல் சுமார் 2.4 வோல்ட்டுக்கு இறங்கினாலோ, அவுட் முனைகள் ஒன்றோடொன்று உரசினாலோ மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அது இல்லாத போர்டு சில ரூபாய் மலிவு என்றாலும் வேண்டாம்.

பெரும்பாலோர் தவறுவது மின்னோட்டத்தில்தான். போர்டு 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டே வருகிறது. பி.எல்-5சியின் கொள்ளளவு புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 1000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) தான். வயதான செல்லுக்குள் 1 ஆம்பியரைத் திணித்தால் சூடேறி வீங்கும். சிப்பின் இரண்டாம் காலில் இணைந்திருக்கும், ‘122’ என்று அச்சிட்ட ரெசிஸ்டரை (மின்தடை) எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். சுமார் 580 மில்லி ஆம்பியராகக் குறையும். புளூடூத் ஹெட்செட்டில் இருக்கும் குட்டி செல் என்றால் 10 கிலோ ஓம், 130 மில்லி ஆம்பியர். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் உருளை வடிவ 18650 செல்லுக்கு வந்தபடியே விடலாம்.

பெரிய குறை ஒன்று உண்டு: சிப்பில் வெப்பத்தைக் கவனிக்கும் கால் இருந்தும், இந்தப் போர்டுகளில் அதை மைனஸ் பக்கத்தோடு (கிரவுண்ட்) இணைத்து, வேலை செய்யாமல் ஆக்கிவிடுகிறார்கள். செல் கொதித்தாலும் போர்டுக்குத் தெரியாது. சிப்பும் 5 வோல்ட்டில் மிஞ்சுவதை வெப்பமாகவே கழிக்கிறது, 3.7 வோல்ட் செல்லுக்கு 1 ஆம்பியர் போகும்போது அது 1.3 வாட். ஆகவே போர்டைச் செல்லின் முதுகில் ஒட்டாதீர்கள், இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

செல்லை இணைக்கும் முன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் சிப் அக்கணமே போய்விடும். இணைத்தபின் அவுட்டில் வோல்ட் வராவிட்டால் பயப்பட வேண்டாம். சார்ஜரை ஒருமுறை செருகினால் விழித்துக்கொள்ளும். சார்ஜ் ஏறும்போது விளக்கை எரியவிட்டால் சிவப்பு எல்.இ.டி. மாறாமலே நிற்கும், ஏனென்றால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் சிப் நிறுத்தும், விளக்கு இழுப்பதால் அது குறைவதில்லை. டைப்-சி போர்டு சில, இருபுறமும் சி முனை உள்ள கேபிளில் வேலை செய்யாது, பழைய யூ.எஸ்.பி. முனை உள்ள கேபிளே போதும்.

அவுட்டில் வருவது செல்லின் வோல்ட்தான், 5 அல்ல. போனுக்குச் சார்ஜ் போட வேண்டுமென்றால் வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் போர்டு தனியாக வேண்டும்.

எந்தப் போர்டும் கெட்ட செல்லைக் காப்பாற்றாது. வீங்கியதையும் 2 வோல்ட்டுக்குக் கீழே போனதையும் தொடாதீர்கள். மற்றதை முழுதாக ஏற்றி ஒரு வாரம் சும்மா வையுங்கள். 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கழித்துவிடுங்கள். கழித்ததன் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அங்கே கையால் தரம் பிரிப்பவர்கள் நிற்கிறார்கள்.