சைக்கிளுக்கு கேரியரும் பையும் வாங்குகிறவர்கள் கவனிக்க

கடலூரிலிருந்து கல்வராயன் மலைக்கு நான்கு நாள் சைக்கிளில் போய்வரத் திட்டம். கூடாரம், அடுப்பு எல்லாம் சுமந்துகொண்டு போவது எனக்கு இதுதான் முதல் முறை. அதற்காகப் புதுச்சேரியில் ஒரு கடையில் பின் கேரியரும் ஒரு ஜோடி பக்கப் பைகளும் வாங்கினேன். மொத்தம் 7,900 ரூபாய். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

"25 கிலோ தாங்கும் தம்பி. இதே செட்டை மாட்டிக்கிட்டு லடாக் வரைக்கும் போயிருக்காங்க" என்றார் கடைக்காரர். கேரியரிலும் 25 கிலோ என்று ஸ்டிக்கர் இருந்தது. அவர்களே மாட்டித் தந்தார்கள். அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போய்விட்டேன். பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பைகளைத் தராசில் தொங்கவிட்டேன். இரண்டும் சேர்த்து 14 கிலோ 300 கிராம்தான்.

இரண்டாம் நாள், கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். கேரியரின் இடது கால் போல்ட் துண்டாகிப் போயிருந்தது. பாரம் முழுக்க வலது பக்கம் சாய்ந்ததில் அங்கே பற்றவைத்த இடமும் பிளந்து, பை சக்கரத்தில் உரசி இரண்டு ஸ்போக்குகள் போய்விட்டன. ஏற்றத்தில் மெதுவாகப் போனதால் தப்பித்தேன். இதே இறக்கமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

உடைந்த போல்ட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபிரேமில் இருப்பது 5 மில்லிமீட்டர் மரை. அதில் 4 மில்லிமீட்டர் போல்ட்டை நுழைத்து, பின்னால் ஒரு நட்டு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். மரையே பிடிக்கவில்லை. குலுங்கக் குலுங்க ஆடி ஒடிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் மழை. 'வாட்டர்ப்ரூஃப்' பையின் தையல் வழியாக நீர் இறங்கி, போர்வையும் மாற்றுத்துணியும் பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டன. துணிக்கு உள்பூச்சு இருந்து என்ன பயன், தையலுக்கு மேல் டேப் ஒட்டவில்லையே.

கீழே இருந்த வெல்டிங் பட்டறை அண்ணன் கேரியரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அலுமினியம் தம்பி, நம்ம ராடு பிடிக்காது" என்று சொல்லிவிட்டார். அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வாயு வைத்த மெஷின் வேண்டும். இரும்புக் கேரியர் கொஞ்சம் கனம்தான், ஆனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம். காசு ஏதும் வாங்காமல் கட்டுக்கம்பியும் பழைய டியூபும் வைத்து இறுகக் கட்டிக்கொடுத்தார். அவரால்தான் கள்ளக்குறிச்சி வரைக்கும் உருட்டி வந்து பஸ் பிடித்தேன்.

கடையில் கேட்டால் "ஓவர்லோடு பண்ணிட்டீங்க" என்கிறார்கள். தராசு ஃபோட்டோவைக் காட்டினேன், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் தந்தது துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி பில் கிடையாது. ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு இருந்ததால்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய முடிந்தது.

சமீபத்தில் கேரியர் மாட்டியவர்கள் இன்றைக்கே ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மரையில் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நட்டை எடுத்ததும் கையால் இழுத்தாலே வந்துவிட்டால் அது தவறான அளவு. பைக்குள் அரை வாளி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் தொங்கவிடுங்கள், தையல் ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம், முழுப் பாரத்தோடு பண்ருட்டி வரைக்குமாவது ஒருமுறை ஓட்டிவிட்டு வாருங்கள். நான் தராசில் நிறுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.