பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இட்லி மாவு விற்பதற்காக வாங்கிய கிரைண்டர். வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு மாவாட்டுகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம், டேபிள் டாப்பே போதும். கோயம்புத்தூரில் செய்தது, ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், டிரம்மைச் சாய்த்து மாவை வழிக்கிற மாதிரி. லாரி பார்சல் கூலியோடு 24,800 ரூபாய் ஆனது. கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை, ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஸ்கூட்டியை விற்றுத்தான் வாங்கினேன். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம் (தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம், அருவி இருக்கிற பாபநாசம் இல்லை). கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் ஒன்பது வருஷம் பில் போட்டேன், சம்பளம் 11,000. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது, ஆனால் ஆடி தள்ளுபடி நேரத்தில் அதில் யார் உட்கார்ந்தார்கள்? கால் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்த ஒரு நாள்தான் மாவு யோசனை வந்தது. உடனே வேலையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பத்து மாதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். இருந்த இரண்டு லிட்டர் டேபிள் டாப்பில் காலை மூன்றரைக்கு எழுந்து மாவாட்டி, தெருவில் இருபது வீட்டுக்கு அரை அரை கிலோ கொடுத்துவிட்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். ஒரு கிலோ அரிசிக்கு மேல் அதில் போட முடியாது, நாலு தடவை அரிசி, இரண்டு தடவை உளுந்து, ஒவ்வொரு தடவையும் டிரம்மைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும், இடுப்பு போய்விட்டது. அந்தப் பத்து மாதமும் தீபாவளிக்குப் புதுத்துணி பையனுக்கு மட்டும்தான், நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட நான் போகவில்லை, அதை அவர்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நிறையப் பேர் கிரைண்டரை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் வாடிக்கை தேடுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மிஷின் ஒன்றரை வருஷமாகச் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. சின்ன மிஷின் உங்களைத் திணறடிக்கிற வரைக்கும் பெரியதை வாங்காதீர்கள்.

இனி மிஷின். கல் அருமை. நல்ல கருங்கல், அதில் குறையே சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது சும்மா இல்லை. ஆனால் புதுக்கல்லை அப்படியே ஓட்டக் கூடாது, நொய்யும் கல்லுப்பும் தண்ணீரும் போட்டு நான் ஐந்து தடவை ஆட்டித் தென்னை மரத்தடியில் ஊற்றினேன், நாலாவது தடவை வரைக்கும் விரலில் மணல் நெருடியது. கூட வந்த தாளில் ‘ஒரு முறை கழுவிப் பயன்படுத்தவும்’ என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பியிருந்தால் முதல் நாளே வாடிக்கையாளர் பல்லில் கல் கடிபட்டிருக்கும்.

அரிசி நாலு கிலோ வரைக்கும் தாராளமாகப் போடலாம், 25 நிமிஷத்தில் இட்லிப் பதம் வந்துவிடும். பத்து லிட்டர்தானே என்று உளுந்தை இரண்டரை கிலோ போட்டேன், அது பொங்கி விளிம்பைத் தாண்டி மோட்டார் பெட்டி மேல் வழிந்தது. உளுந்து ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வேண்டாம். சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும், சூடேறினால் உளுந்து உப்பாது, மாவும் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். மார்கழியில் இதற்கு நேர்மாறு, முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி கலந்தால்தான் பொங்கும். உளுந்து விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈர வயலில் நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுவார்கள், தனியாக உழவும் கிடையாது, பாய்ச்சலும் அநேகமாகக் கிடையாது, மண் ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். பங்குனி வாக்கில் அந்தப் புது உளுந்து கைக்கு வரும்போது, கடையில் வாங்குகிற பழைய பருப்பைவிட ஒரு பங்கு கூடுதலாகவே மாவு காண்கிறது. அரிசிக்கு ஆடுதுறை 37, குண்டு புழுங்கல். நாலுக்கு ஒன்று கணக்கு.

சரி, குறைகள். பார்சலைப் பிரித்தபோதே டிரம் ஓரம் நசுங்கியிருந்தது. போட்டோ அனுப்பினேன். ‘லாரிக்காரர் பொறுப்பு’ என்று கம்பெனி, ‘கட்டினவர் பொறுப்பு’ என்று லாரி ஆபீஸ். மூன்று வாரம் இப்படியே போனது, கடைசியில் நானே மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். இரண்டாவது, சாய்க்கிற இடத்துப் பூட்டு முள். சரியாக விழுந்ததா என்று ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்க்காமல் விட்டேன், நாலு கிலோ அரிசி மாவு கூடம் முழுக்க. மூன்றாவது பெல்ட். மூன்றே மாதத்தில் ரப்பர் கருகுகிற வாடை, ஐந்தாவது மாதம் அறுந்தது, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. கம்பெனி நம்பருக்குப் போட்டால் ‘கோயம்புத்தூரிலிருந்து வர ஏழு நாள்’ என்கிறார்கள். ஏழு நாள் மாவு கொடுக்காவிட்டால் வாடிக்கை நிற்குமா?

கும்பகோணத்து மெக்கானிக் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். “அக்கா, இது சாதா வி பெல்ட்டுதான், நம்பரைப் பார்த்து எந்த மோட்டார் கடையிலயும் வாங்கிக்கலாம், இதுக்கா கம்பெனிக்குப் போன் போட்டீங்க?” என்று சிரித்தார். பழைய பெல்ட் மேலேயே நம்பர் அச்சடித்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது இரண்டு பெல்ட் ஆணியில் தொங்குகிறது. இன்னொன்றும் அவர்தான் சொன்னார்: சுவிட்ச் போட்டதும் கல் சுற்றாமல் உம்மென்று உறுமினால் மோட்டார் போய்விட்டது என்று பயப்படாமல் முதலில் கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், அதனால் நான் விடிகாலையில் மட்டும்தான் ஓட்டுகிறேன்.

கரண்டு பயந்த அளவுக்கு இல்லை. தினம் முப்பது கிலோ மாவுக்கு இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, சுமார் இரண்டு யூனிட். ஆனால் வீட்டு இணைப்பில் ஓட்டி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தொழிலுக்குத் தனி இணைப்பு வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டினேன். தராசுக்கு முத்திரை போட வேண்டும். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கு மத்திய அரசு செய்கிற பதிவு) முழுக்க இலவசம், ஆதாரை வைத்து நாமே பண்ணலாம், இதற்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 1,500 கேட்டார்கள்! மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரித்தேன், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், நம் பங்கு 5 சதவீதம் போட்டால் போதும் என்றார்கள். மானியத்தைக் கையில் தர மாட்டார்கள், மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். நல்ல திட்டம்தான், ஆனால் ஒரு மிஷினுக்காக வங்கிக்கு நடக்க எனக்கு லீவு இல்லை. செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜுக்கு மட்டும் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். அது இன்னும் மீளவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்து கிலோ அரிசி, இரண்டரை கிலோ உளுந்து, உப்பு, கரண்டு, கவர் எல்லாம் சேர்த்து 900 ரூபாய் வருகிறது. முப்பது கிலோவும் விற்றால் 1,500. தூக்குவாளி கொண்டுவந்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கிறேன், கவர் செலவு மிச்சம். மழை நாளில் ஐந்தாறு கிலோ தங்கும், அது எங்களுக்கு ஊத்தப்பம். வட்டி, ஆட்டோ, புளித்துப்போனது எல்லாம் கழித்தால் மாதம் கையில் நிற்பது 11,000, சில மாதம் 12,000. ஆமாம், கடையில் வாங்கிய அதே சம்பளம். வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்த அன்று பேசாமல் இருந்தார், நானும் பேசவில்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் நான் உட்காரலாம், கால் வீக்கம் இல்லை, பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கிறேன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

கல்லுக்கும் மோட்டாருக்கும் ஐந்துக்கு ஐந்து. கம்பெனி சர்வீசுக்கு ஒன்று. மொத்தத்தில் மூன்றரை போடுகிறேன். அத்தையிடம் கேட்டால் அரைகூடத் தர மாட்டார், கிரைண்டருக்கு இடம் வேண்டும் என்று டி.வி.யைக் கூடத்திலிருந்து உள்ளே தள்ளிவிட்டேன், “உன் வியாபாரத்துக்கு நான்தான் கெடச்சேனா?” என்று தினம் ஒரு தடவை கேட்கிறார், கேட்டுக்கொண்டே அரை கிலோ பாக்கெட்டில் லேபிள் ஒட்டுகிறார்.