கப்பலில் குத்திய சீலும் ஆடுகிற மைக்ரோஸ்கோப்பும்: மூன்றரை வருட அனுபவம்

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, நீங்க பழைய கவர் பார்க்க ஒண்ணு வச்சிருக்கீங்களே, கம்ப்யூட்டர்ல மாட்டுற மைக்ரோஸ்கோப், அது இப்ப 1,100 ரூபாய்க்கு வந்திருக்கு. வளையம் பற்றவச்ச இடத்துல ஓட்டை இருக்கான்னு பார்க்க ஆகுமா?" நான் வாங்கும்போது 1,850. அந்த வயிற்றெரிச்சலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் 1000 மடங்கை யாரும் நம்புவதில்லை, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. என் தேவை வேறு. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்தேன். பழைய ஆபீஸ் அறையைக் காலி செய்த அன்று, காயலான் கடைக்குப் போக இருந்த சாக்கிலிருந்து நாற்பது சொச்சம் தபால் கவர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லாம் இங்கிலாந்துக்குப் போனதும் அங்கிருந்து வந்ததுமான நீராவிக் கப்பல் காலத்துக் கடிதங்கள். உள்ளே இருந்த கடிதம் ஒன்றுகூட இல்லை, வெறும் கவர்தான். ஆனால் கவரின் முதுகில் குத்தியிருக்கும் தபால் சீல்களைப் படிக்கத் தெரிந்தால் போதும், கடிதம் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த முதுகைப் படிக்கத்தான் இந்தக் கருவி. இதில் எனக்கு ஒரே ஒரு பகை, அதன் ஸ்டாண்ட்.

வளைகிற கழுத்து. சீல்மேல் கொண்டுவந்து, ஃபோகஸ் சக்கரத்தைத் திருகி, எழுத்து தெளிந்ததும் கையை எடுத்தால், ஒரு மூச்சு விடும் நேரத்தில் அரை மில்லிமீட்டர் இறங்கும். படம் மங்கிவிடும். படம் எடுக்கும் பட்டனை யாரோ ஒரு புத்திசாலி கருவியின் தலையிலேயே வைத்திருக்கிறார். அதை அழுத்தினால் மொத்தமும் ஆடும். விற்றவருக்கு எழுதினேன், மாற்று ஸ்டாண்ட் அனுப்புவதாகச் சொன்னார்கள். 38 நாள் கழித்து வந்தது. அதுவும் இறங்கியது. இப்போது இரண்டு கிலோ ஜவ்வரிசிப் பொட்டலத்தை அண்டக்கொடுத்து வைத்திருக்கிறேன். சேலம் ஜில்லாவில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்!

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். லென்ஸ் நல்ல லென்ஸ். ஆடி மாதத்து மூடுபனியில் வேர்க்கும், துடைத்தால் போகும். எட்டு எல்.இ.டி.யும் இன்றுவரை எரிகின்றன. போன வருடம் கேபிள் கழுத்தோடு விட்டுப்போனது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் 80 ரூபாய்க்குப் பற்றவைத்துக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் தொந்தரவில்லை.

ஏற்காட்டிலிருந்து போன ஒரு கவரில், 4 அணா 6 பை (அணாவுக்கும் கீழே ஒரு பழைய காசு) விலையுள்ள பச்சை ஸ்டாம்ப்மேல் கறுப்பில் 2½ அணா என்று அடித்திருக்கிறது. 1891-இல் இங்கிலாந்துக்கான கட்டணம் குறைந்தபோது, புது ஸ்டாம்ப் வரும்வரை பழையதையே இப்படி ஓட்டினார்கள். அந்த ½-இல் நடுக்கோட்டின் மை காகித நாரோடு ஊறியிருப்பதைத் திரையில் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவரும் அசரவில்லை.

என்னை அசரவைத்தது இன்னொரு கவர். லண்டனில் 1893 மார்ச் 3, வெள்ளிக்கிழமை போட்டது. இந்தியத் தபால் அங்கே கிளம்பும் நாள் வெள்ளி. ரயிலில் இத்தாலியின் பிரிண்டிசி வரை, அங்கிருந்து பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பலில் சூயஸ், ஏடன், பம்பாய். அப்புறம் ரயில். 1871-இல் ராய்ச்சூரில் தண்டவாளங்கள் இணைந்த பிறகு பம்பாயிலிருந்து நேராக இந்தப் பக்கம் வரலாம். சேலத்துக்கு ரயில் 1861-லேயே வந்தாயிற்று. மலைமேல் ஆள்தான் தூக்கி வந்திருக்க வேண்டும். ஏற்காடு சீல் மார்ச் 23. மொத்தம் 20 நாள். என் ஸ்டாண்டுக்கு 38.

நடுவில் ஒரு சீல் இருந்தது. 'சீ போஸ்ட் ஆபீஸ்'. 1868-இல் ஆரம்பித்த ஏற்பாடு அது. கப்பலிலேயே குமாஸ்தாக்கள் உட்கார்ந்து, ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்துப் பையில் கட்டிவிடுவார்கள். பம்பாயில் இறங்கியதும் பை நேராக ரயிலுக்குப் போகும். 1914-இல் போர் வந்ததோடு அது நின்றது. என் கவரில் அந்தச் சீலின் தேதி 11 என்று தெரிந்தது. எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் இந்தக் குமாஸ்தாக்கள் ஏறுவது ஏடனில். லண்டனை விட்ட எட்டாம் நாள் கப்பல் ஏடனையே எட்டியிருக்காது.

ஒரு ராத்திரி, கருவியின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கவரோடு கவராகப் படுக்கவைத்து அடித்தேன். மை போன இடத்திலும் சீல் அழுத்திய பள்ளம் நிழலாக எழும்பியது. இரண்டாவது 1-இன் தலையில் இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு. அது 7. மார்ச் 17, அரபிக்கடல் நடுவே. வட்டம் முழுசாக, ஒரு பக்கம்கூட இழுபடாமல் விழுந்திருக்கிறது. ஆடுகிற கப்பலில் நின்று குத்தியவருக்குக் கை ஆடவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், அசையாத மலைமேல், தேக்கு மேஜையில் உட்கார்ந்திருக்கும் என் ஸ்டாண்டுக்கு என்ன கேடு?

அந்த 7-ஐப் படம் பிடிக்க முப்பது முறைக்குமேல் பட்டனை அழுத்தினேன். ஒன்றுதான் தேறியது.

ஆகவே தம்பிக்குச் சொன்னது: வாங்காதே. பட்டறையில் உனக்கு இரண்டு கையும் வேண்டும், இது ஒரு கையை எப்போதும் கேட்கும். கண்ணில் இடுக்குகிற உன் லென்ஸே மேல். "அப்ப உங்களுடையதைக் கொடுத்துடுங்கண்ணா" என்றார். தர மாட்டேன் என்றேன். "சரி, ஸ்டாண்டையாவது எடுத்துட்டு வாங்க, மூட்டுல பற்றவச்சு இறுக்கித் தர்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கி எடுத்துப் போனேன். உரசிப் பார்த்துவிட்டு, அலுமினியம், என்கிட்ட இருக்கிற பற்றவைக்கிற பொடி இதுல பிடிக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.