மூன்று தைப்பூசம் தாண்டிய ஃபெயில்2பேன்

சர்வர் சாதாரணமானது. 2 ஜிபி ரேம், டெபியன் 12, என்ஜின்எக்ஸ், வேர்ட்பிரஸ். அதில் ஓடுவது பினாங்கு ஜோர்ஜ்டவுனில் உள்ள ஒரு சங்கத்தின் தளம். ஆண்டு முழுக்க ஈயாடும். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு வாரம் பால்குடப் பதிவுக்குக் கூட்டம் நெரியும். காவலுக்கு ஃபெயில்2பேன், அதாவது தோற்ற நுழைவு முயற்சிகளை லாக்கில் (சர்வரின் பதிவேட்டில்) படித்து முகவரிகளை அடைக்கும் கருவி. இத்தனை நாள் ஓட்டியதில் தெரிந்தது: கருவி பழுதாவது அபூர்வம், அது படிக்கும் லாக்தான் அதை ஏமாற்றும்.

வேலை எளியது. ஒரே முகவரியிலிருந்து ஃபைண்ட்டைமுக்குள் மேக்ஸ்ரீட்ரை அளவுக்குத் தோல்வி பதிவானால், பேன்டைம் முடியும்வரை அந்த முகவரியை ஃபயர்வாலில் அடைக்கும். கூடவே வரும் அளவுகள் 10 நிமிடம், 5 முறை, 10 நிமிடம். ஒவ்வொரு சேவைக்கும் வைக்கும் இந்த விதித் தொகுப்புக்கு ஜெயில் என்று பெயர். மாற்றங்களை ஜெயில்.லோக்கல் கோப்பில்தான் எழுத வேண்டும், ஜெயில்.கான்ஃபில் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் தலைவலி.

டெபியன் 12இல் முதல் நாளே ஒரு சறுக்கல் உண்டு. லாக்கைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வராததால், நுழைவுகள் பதிவாகும் ஆத்.லாக் கோப்பே இருக்காது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) ஜெயில் லாக்கைக் காணாமல் சேவையே எழாது. லாக்கை எங்கிருந்து படிப்பது என்று சொல்லும் பேக்கெண்டை சிஸ்டம்டி என்று மாற்றி, பைத்தான்3-சிஸ்டம்டி பொதியையும் நிறுவினால் தீர்ந்தது. எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவையே மூடிவிட்டு சாவி மட்டும் வைத்திருந்தால், அந்த ஜெயிலின் பயன் லாக்கில் குப்பை குறைவது மட்டும்தான்.

வேர்ட்பிரஸ் பக்கம் கவனம் தேவை. கடவுச்சொல் தவறினால் 401 (அனுமதி இல்லை) என்ற பதில் எண் வரும் என்று நினைத்து ஃபில்டர் (எந்த லாக் வரி தோல்வி என்று சொல்லும் விதி) எழுதுவோர் அதிகம். உண்மையில் நுழைவுப் பக்கமான டபிள்யூபி-லாகின்.பிஎச்பிக்குப் போன போஸ்ட் (படிவத்தை அனுப்பும் கோரிக்கை) தோற்றால் பதில் 200 (சரி), வெற்றியானால்தான் 302 (வேறு பக்கத்துக்குப் போ). ஆகவே ஆக்சஸ் லாக்கில் அந்தக் கோப்பின் பெயரும் போஸ்டும் 200உம் ஒரே வரியில் இருப்பதைத்தான் பிடிக்க வேண்டும். எழுதியதும் ஃபெயில்2பேன்-ரெகெக்ஸ் என்ற சோதனைக் கட்டளையில் உண்மையான லாக்கைக் கொடுத்து எத்தனை வரி பொருந்துகிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் ஜெயில் பச்சையாக ஓடிக்கொண்டே ஒன்றும் செய்யாது. 'கேட்டது இல்லை' என்னும் 404க்கு ஜெயில் போடாதீர்கள். பக்கத்தில் நாலு படம் உடைந்திருந்தால் பக்தரையே பூட்டிவிடும்.

நேரமும் ஏமாற்றும். தளம் டாக்கர் கன்டெய்னரில் (சர்வருக்குள் தனியாக ஓடும் பெட்டி) யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடி, சர்வர் மலேசிய நேரத்தில் இருந்தால், மண்டலக் குறி இல்லாத எர்ரர் லாக் வரிகள் 8 மணி நேரம் பழையவையாகத் தெரியும். ஃபைண்ட்டைமுக்கு வெளியே என்று ஃபெயில்2பேன் தள்ளிவிடும். இரண்டையும் ஒரே மண்டலத்தில் வையுங்கள். டாக்கரில் திறந்த போர்ட்டுக்கு வருவது ஃபயர்வாலின் இன்புட் செயினைத் (விதி வரிசை) தொடாது என்பதால், தடை டாக்கர்-யூசர் செயினில் விழ வேண்டும்.

பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவைக்குப் பின்னால் தளம் இருந்தால் லாக்கில் வருவது அதன் முகவரி. தடை விழுந்தால் அந்த வழியாக வரும் அத்தனை பேரும் வெளியே. என்ஜின்எக்ஸின் ரியல் ஐபி தொகுதியில் பார்வையாளரின் உண்மை முகவரியைச் சொல்லும் சிஎஃப்-கனெக்டிங்-ஐபி தலைப்பை, கிளவுட்ஃபிளேர் முகவரிகளிலிருந்து வந்தால் மட்டும் நம்பச் சொல்லுங்கள். அப்போதும் உள்ளூர் ஃபயர்வால் தடை வீண். பாக்கெட் வருவது இடைத்தரகரிடமிருந்து. கிளவுட்ஃபிளேருக்கே தடையை அனுப்பும் ஆக்ஷன் வேண்டும்.

இங்கே பெரிய வில்லங்கம் கைப்பேசி டேட்டா. பலருக்கு ஒரே பொது ஐபிவி4 முகவரி. போன வருடக் கடவுச்சொல்லை மறந்த ஐந்து பேர் ஒரே நேரத்தில் தடுமாறினால், பின்னால் இருக்கும் ஐம்பது பேருக்கும் பக்கம் திறக்காது. "ஐயா, உங்க வெப்சைட் படுத்துடுச்சா?" என்று அழைப்பு வந்தால் முதலில் அந்த ஜெயிலின் ஸ்டேட்டஸைப் பாருங்கள், ஃபெயில்2பேன்-கிளையன்ட் அன்பேன் என்று முகவரியோடு கொடுத்தால் விடுதலை. பதிவுக் காலத்தில் லாகின் ஜெயிலுக்கு மட்டும் 20 முறை, 10 நிமிடம் போதும். வீட்டு ஃபைபர் முகவரியை இக்னோர்ஐபியில் (தடை செய்யாத முகவரிப் பட்டியல்) போட்டு மறந்துவிடுவதும் தவறு. மோடத்தை அணைத்துப் போட்டால் அந்த முகவரி வேறொருவர் கைக்குப் போகலாம்.

திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ரெசிடிவ் ஜெயில், ஒரு வாரத் தடை. இதில் பலர் தவறவிடுவது டிபிபர்ஜ்ஏஜ், அதாவது பழைய தடைப் பதிவுகளைத் தரவுத்தளத்தில் எவ்வளவு காலம் வைப்பது என்ற அளவு. இயல்பில் ஒரு நாள்தான். பதிவுகள் போதிய காலம் நிற்க, அதை 648000 வினாடிபோல உயர்த்தச் சொல்கிறது ஜெயில்.கான்ஃபில் உள்ள குறிப்பு.

ஆயிரம் முகவரியிலிருந்து ஆளுக்கொரு முறை முயல்பவனையும், ஓட்டைப் பிளகினை ஒரே கோரிக்கையில் உடைப்பவனையும் ஃபெயில்2பேன் பிடிக்காது. முதலாவதற்கு இரண்டடுக்கு நுழைவு (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனை), இரண்டாவதற்கு அப்டேட்.

எஸ்எஸ்எச் ஜெயிலைச் சோதிப்பதானால் வீட்டு இணைப்பில் ஒரு செஷனைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்து தவறாக நுழையுங்கள். எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட் மட்டும்தான் அடைபடும். அதே முகவரியில் பால்குடம் பதிபவருக்கு ஒன்றும் ஆகாது.