வாட்ஸ்அப் குழுவா, சேனலா, தனி எண்ணா? பல்கலைக்கழக நூலகத்துக்கு எது தோது

புது மாணவர்கள் வந்து சேர்ந்ததும் பல நூலகங்கள் செய்கிற முதல் வேலை, ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். காசு செலவில்லை, எல்லார் போனிலும் இருக்கிறது, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் ஒரு முதலாண்டு மாணவி கவுன்டருக்கு வந்து போனை நீட்டினார். தெரியாத எண்ணிலிருந்து இரவு பதினொரு மணிக்கு "ஹாய், எந்த டிபார்ட்மென்ட்?" என்று வந்திருந்தது. எண் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், எங்கள் குழுவிலிருந்துதான். உறுப்பினர் படிவத்தில் நம்மை நம்பி எழுதிக் கொடுத்த எண்ணை நாங்களே நூற்றுக்கணக்கானவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டோம். அது என்னை ரொம்பவே உறுத்தியது. அதன் பிறகுதான் எந்தச் செயலியை எதற்கு வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

குழுவில் வேறு சிக்கல்களும் உண்டு. 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நடுத்தரப் பல்கலைக்கழகம் என்றாலே மூன்று, நான்கு குழு வேண்டும். ஒரே அறிவிப்பை நான்கு இடத்தில் போட வேண்டும். "நோ டியூ எப்பத் தருவீங்க?" என்று, நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்கிற சான்றிதழை ஒருவர் கேட்பார், பதில் சொன்ன பத்து நிமிடத்தில் இன்னொருவர் அதையே கேட்பார். நடுவில் காலை வணக்கப் படங்கள். மதியம் போட்ட புதுவரவுப் பட்டியல் சாயங்காலத்துக்குள் எங்கோ மேலே போய்விடும். அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றினால் சத்தம் அடங்குகிறது, ஆனால் எண்கள் தெரிவது அப்படியேதான் இருக்கிறது. இருபது பேர் படிக்கிற ஒரு எம்.ஏ. வகுப்புக்கோ, ஒரு துறையின் ஆய்வு மாணவர்களுக்கோ குழு சரி. அவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். முழு நூலகத்துக்கும் என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன்.

அறிவிப்புக்கு ஏற்றது சேனல். நாம் மட்டும் பதிவிடுவோம், மற்றவர்கள் பின்தொடர்ந்து படிப்பார்கள். அதிலும் இரண்டு இருக்கிறது. வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அது சாட் பட்டியலில் வராது. ஸ்டேட்டஸ் இருக்கிற அப்டேட்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மணிக் குறியை அழுத்தி அறிவிப்பொலியை ஆன் செய்யச் சொல்லாவிட்டால் பலர் நம் பதிவைப் பார்ப்பதே இல்லை. பழைய பதிவுகள் 30 நாள் வரைதான் சேமிக்கப்படும் என்று தொடங்கும்போதே அறிவித்திருந்தார்கள்.

டெலிகிராம் சேனலில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. இன்று சேர்கிற மாணவர் முதல் நாள் போட்ட பதிவு வரை பின்னால் போய்ப் படிக்கலாம். நாங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் துறையின் பெயரில் ஒரு ஹேஷ்டேக் போடுகிறோம். அதைத் தொட்டால் அந்தத் துறைக்கு வந்த புத்தகங்கள், கருத்தரங்கு அறிவிப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நூலகர் மனசுக்கு இது எவ்வளவு நிறைவு என்று நூலகருக்குத்தான் தெரியும். ஏறக்குறைய ஒரு பொருள் அட்டவணை மாதிரி. குறை என்னவென்றால், எல்லா மாணவரிடமும் டெலிகிராம் இல்லை. இருக்கிற இடத்தில் திருட்டு பிடிஎஃப் சேனல்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பாடப்புத்தகம் முழுவதையும் ஸ்கேன் செய்து போடச் சொல்லி வாரம் ஒருவராவது கேட்பார். அது முடியாது என்று பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவர்தான் சேனலைக் கவனிக்க வேண்டும். அப்படி இருந்தும், இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு டெலிகிராமுக்குத்தான்.

அப்புறம் தனி எண். நூலகத்துக்கென்று ஒரு சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். செயலி இலவசம். ஒரு போனோடு இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால் கவுன்டர் கணினியிலும் ரெஃபரன்ஸ் மேசையிலும் ஒரே எண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்குப் பதிலை எழுதி வைத்துக்கொண்டால் ஒரு சாய்கோட்டைத் தட்டி எடுத்து அனுப்பிவிடலாம். புதுப்பித்தல், ஆய்வேட்டில் பிறர் எழுத்து நகலாகியிருக்கிறதா என்ற சோதனை, நோ டியூ என்று லேபிள் போட்டுப் பிரித்தும் வைக்கலாம். குழுவில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இங்கே கேட்கிறார்கள். "மேடம், ஓப்பேக்னா என்ன?" என்று ஒரு இரண்டாமாண்டு மாணவர் கேட்டார். நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறது என்று கணினியில் தேடுகிற பட்டியல்தான் அது. அந்தக் கேள்வியை அவர் நூறு பேர் முன்னால் கேட்டிருக்கவே மாட்டார்.

ஃபேஸ்புக் பக்கத்தை வைத்திருக்கிறோம், ஆனால் அங்கே நம்மைத் தொடர்வது பெரும்பாலும் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும்தான். இன்ஸ்டாகிராம் புதுப் புத்தக அட்டைகளைக் காட்ட அழகான இடம். பதிவுக்குக் கீழே எழுதுகிற லிங்க்கைத் தொட்டால் திறக்காது என்பது நூலகத்துக்குப் பெரிய தடை.

மின்னஞ்சலை யாரும் பார்ப்பதில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2000-இல் நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்தில் முதலில் புழக்கத்துக்கு வந்த கோஹா என்கிற நூலக நிர்வாக மென்பொருளை இன்று நம்மூர்ப் பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. திருப்பித்தர வேண்டிய நாளுக்கு முன்பே நினைவூட்டல் அஞ்சலை அது தானாக அனுப்பிவிடும். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது தனிப்பட்ட செய்தி. அது போக வேண்டியது அவருடைய அஞ்சலுக்கு மட்டும்தான். தாமதமானவர்கள் பட்டியலைக் குழுவில் போடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் பதிவில் நாம் வைக்கிற லிங்க் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் காரியமே இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்களும் உற்சாகமாக ஒரு இதழின் லிங்க்கைச் சேனலில் போட்டோம். வளாகத்தில் திறந்தவர்களுக்குக் கட்டுரை வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் திறந்தபோது டாலரில் விலை வந்து நின்றது. வளாக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை வைத்துத்தான் அந்தத் தளம் நம்மை அடையாளம் காண்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தனக்கு அந்த உரிமை இல்லை என்றே நினைத்து, சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடியிருக்கிறார். ஏற்கெனவே அவருக்காகச் சந்தா கட்டியாகிவிட்டது.

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கிற, காந்திநகரில் இருக்கிற இன்ஃப்லிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்கிற உள்நுழைவு வசதி வழியாக வெளியிலிருந்தும் உள்ளே போகலாம். நம் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, நூலகம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட வேண்டும், அவ்வளவுதான். இதைப் பதிவில் எழுதி விளங்கவைக்க முடியவில்லை. கணினித் திரையை அப்படியே பதிவுசெய்து, தமிழில் பேசி, நான்கு நிமிட வீடியோவாக யூடியூபில் ஏற்றினோம். யூடியூபை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது எங்கள் பதிவுகளிலேயே நாள்பட்டும் பயன்படுவது அந்த வீடியோதான்.

ஆள் பற்றாக்குறை எல்லா நூலகத்திலும் இருக்கிறது. ஒரே ஒருவரைத்தான் இதற்கு ஒதுக்க முடியும் என்றால் முதலில் தனி எண்ணைத் தொடங்குங்கள், அடுத்து டெலிகிராம். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் காத்திருக்கட்டும். எங்கள் எண்ணுக்கு இரவு 8 மணிக்கு மேல் கேள்வி வந்தால், காலை 9 மணிக்குப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு தானியங்கிப் பதில் போகும். அதன் கீழேயே அந்த வீடியோவின் லிங்க்கையும் சேர்த்து வைத்திருக்கிறோம். காலையில் வந்து போனைத் திறந்தால், இரவு கேட்ட கேள்விக்குக் கீழே "கிடைச்சிருச்சு மேடம்" என்று சிலர் எழுதியிருப்பார்கள்.