செனட் ஊரில் இல்லாத நேரம்: இடைவேளை நியமனத்துக்குப் போட்ட மூன்று பூட்டுகள்

அமெரிக்க அதிபர் பெரிய பதவிகளுக்கு ஆள் நியமிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். சபை விடுப்பில் இருந்தால் என்ன செய்வது? அதற்காக அரசியலமைப்பிலேயே ஒரு பக்கவாசல் வைத்தார்கள். இடைவேளையில் அதிபர் தானாகவே ஒருவரை நியமிக்கலாம். அவர் செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரை பதவியில் இருப்பார். உறுப்பினர்கள் குதிரை வண்டியில் ஊருக்குப் போய், மாதக்கணக்கில் திரும்பாமல் இருந்த காலத்து ஏற்பாடு இது. விமானம் வந்த பிறகும் வாசல் திறந்தே கிடந்தது. கிளிண்டன் 139 பேரையும், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 171 பேரையும் இந்த வழியாகத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

இதைப் பூட்ட நடந்த முயற்சிகளில் மூத்தது சம்பளத்தில் கைவைத்தது. 1863-இல் வந்த சட்டம் இதுதான்: சபை கூடியிருந்தபோதே காலியாக இருந்த இடத்தை இடைவேளையில் நிரப்பினால், ஒப்புதல் கிடைக்கும்வரை அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சட்டம் நியமனத்தைத் தடுக்கவில்லை, மாதச் சம்பளத்தை மட்டுமே தடுத்தது. வசதியுள்ளவர் சம்பளமில்லாமலே நாற்காலியில் உட்காரலாமே! 1940-இல் அதையும் தளர்த்தினார்கள். கூட்டத்தொடர் முடிவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் இடம் காலியானாலோ, தொடர் முடியும்போது அந்தப் பதவிக்கு ஒரு பரிந்துரை நிலுவையில் இருந்தாலோ சம்பளம் உண்டு என்றார்கள். கடைசி 30 நாட்களில் ஒருவரை செனட் நிராகரித்து, அதிபர் வேறொருவரை நியமித்தாலும் உண்டு.

இந்தத் தளர்வு பின்னால் செனட்டையே திருப்பி அடித்தது. முன்பே காலியான இடத்தை இடைவேளையில் நிரப்ப அதிபருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி 2014-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி பிரேயர் இதையே சுட்டிக்காட்டினார். அப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளம் தரச் சம்மதித்த செனட், அதிபரின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாகத்தானே பொருள் என்றார். கடிவாளமாகச் செய்தது ஒப்புதல் சீட்டாகிவிட்டது.

இரண்டாவது வழி தீர்மானமும் பேரமும். ஐசன்ஹோவர் மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளை இடைவேளையில் நியமித்தார். அதில் கசப்படைந்த செனட் 1960-இல் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. சட்டபலம் இல்லாத காகிதம்தான், ஆனாலும் அதற்குப் பிறகு எந்த அதிபரும் உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஆள் அனுப்பவில்லை. 2004-இல் செனட்டின் ஜனநாயகக் கட்சியினர் புஷ்ஷோடு நடத்தியது சுத்தமான வியாபாரம்: உங்கள் 25 நீதிபதி பரிந்துரைகளுக்கு நாங்கள் வழிவிடுகிறோம், இடைவேளையில் நீதிபதிகளை நியமிக்காதீர்கள். புஷ்ஷின் முதல் பதவிக்காலம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. 2005 ஆகஸ்டில் ஜான் போல்டன் இதே பக்கவாசல் வழியாக ஐ.நா. தூதரானார்.

மூன்றாவது வழி பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். என் கணக்கில் அதுதான் உண்மையான பூட்டு. 2007 நவம்பரில் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் அதைக் கையிலெடுத்தார். விடுமுறையிலும் சில நாட்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு செனட்டர் காலியான மண்டபத்துக்கு வருவார், சுத்தியலைத் தட்டுவார், அரை நிமிடத்தில் போய்விடுவார். அவ்வளவுதான், இடைவேளையே உருவாகாது. அதன்பின் புஷ் ஒருவரைக்கூட அப்படி நியமிக்கவில்லை. 2011-இல் குடியரசுக் கட்சியினர் இதையே ஒபாமாவுக்கு எதிராகத் திருப்பினார்கள். நாடாளுமன்றத்தின் இரு சபைகளில் ஒன்று சம்மதிக்காமல் மற்றது மூன்று நாட்களுக்கு மேல் கலைய முடியாது என்பதால், கீழவையான பிரதிநிதிகள் சபையைக் கையில் வைத்திருந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒபாமா இதை நாடகம் என்று ஒதுக்கிவிட்டு, 2012 ஜனவரி 4 அன்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு ரிச்சர்ட் கார்ட்ரேயையும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூவரையும் நியமித்தார். வழக்குப் போட்டது எந்தச் செனட்டரும் அல்ல, வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் பெப்சி நிரப்பும் நோயல் கேனிங் என்ற கம்பெனி. வாரியம் தனக்கு எதிராகக் கொடுத்த உத்தரவு செல்லாது, ஏனென்றால் அந்த மூவரின் நியமனமே செல்லாது என்பது அதன் வாதம். மேலே பிரேயர் பேசிய வழக்கு இதுதான். 2014 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் கம்பெனி பக்கம் நின்றார்கள். அலுவல் நடத்தும் திறன் இருக்கும்வரை, செனட் தான் கூடியிருப்பதாகச் சொன்னால் அது கூடியிருப்பதுதான் என்றது தீர்ப்பு. அந்த அரை நிமிடக் கூட்டங்களில் ஒன்றில்தான், 2011 டிசம்பர் 23 அன்று, ஒரு வரிச் சலுகை மசோதாவையே நிறைவேற்றியிருந்தார்கள். வெறும் நாடகம் என்று எப்படிச் சொல்வது? இப்படி நியமிக்க மூன்று நாள் இடைவெளி போதாது, பத்து நாளுக்குக் குறைந்தால் பொதுவாகப் போதாது என்று அளவும் வைத்தார்கள்.

சரி, இந்தப் பூட்டின் சாவி யாரிடம்? செனட் பெரும்பான்மையிடம். 2024 நவம்பரில் டிரம்ப் கேட்டது அதைத்தான்: இடைவேளை நியமனங்களுக்கு வழிவிடுங்கள் என்று தன் கட்சி செனட்டர்களிடமே கேட்டார். இரு சபைகளும் சம்மதித்துப் பத்து நாட்களுக்கு மேல் கலைந்தால் சுத்தியல் தட்ட யாரும் இருக்கமாட்டார்கள். எப்போது கலைவது என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தால், அதிபரே அவற்றை ஒத்திவைக்கலாம் என்றொரு விதியும் அரசியலமைப்பில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் டிரம்ப் அதைச் சொல்லி மிரட்டினார், இதுவரை எந்த அதிபரும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினால் எதிரே நிற்கப்போவது மூன்று ஓட்டைகள் விழுந்த அந்த 1863-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டம்தான்.